கியருக்குள் சந்தனம்

போன மாதம் எங்கள் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், ரசச் சட்டிக்கும் அப்பளத் தட்டுக்கும் நடுவில், ஒரு கியர் உட்கார்ந்திருந்தது.

லாரி கியர் இல்லை. கார் கியரும் இல்லை. ரேஸ் கேம் மெஷினைப் பார்த்திருப்பீர்களே — சீட், ஸ்டியரிங், காலடியில் ஆக்ஸிலரேட்டர், எதிரே பெரிய திரை. டோக்கனைப் போட்டால் ஒரு சிவப்பு கார் உறுமிக்கொண்டு கிளம்பும். அந்த மெஷினிலிருந்து நான் கழற்றிய கியர்.

எதற்குக் கழற்றினாய் என்கிறீர்களா? சொல்கிறேன்.

திருத்தணியில், மலைப் படிக்கட்டுக்குப் போகிற தெருவில் அக்கா வீடு. மாடியில் அக்காவும் பாவாவும். பாவா என்றால் அக்கா வீட்டுக்காரர். ஆந்திரா கூப்பிடு தூரத்தில் இருப்பதால் எங்கள் பக்கம் பாதி வீடுகளில் இப்படித்தான் கூப்பிடுவோம். கீழே இருக்கும் கடையில் சுகுணா என்ற பெண் கேம் சென்டர் வைத்திருக்கிறாள். சாமி கும்பிட்டுவிட்டு இறங்கி வருகிற குடும்பங்கள்தான் அவளுக்கு வாடிக்கை. அதிலும் மொட்டை போட்ட பிள்ளைகள். மொட்டை போடும்போது அழுத பிள்ளையைச் சமாதானப்படுத்த, அந்தச் சிவப்பு காரை விட்டால் வேறு வழி கிடையாது.

ஆடிக்கு நான் அக்கா வீட்டில் வந்து தங்கியிருந்தபோது சுகுணா மாடிப்படி ஏறி வந்து என்னைப் பிடித்தாள்.

"அக்கா, கியரு விழ மாட்டேங்குதுக்கா. ரெண்டாவது போட்டா நாலாவதுல போய் நிக்குது. நாலாவது போட்டா எங்கயும் போவ மாட்டேங்குது. கிருத்திகைக்கு ஜனம் வந்து கொட்டும். மெட்ராஸ்ல இருந்து வர்ற மெக்கானிக்கு ஆடி முடிஞ்சுதான் வருவாராம்."

"ஆட்டோமேட்டிக்னு ஒரு பட்டன் இருக்குமே சுகுணா? அதைப் போட்டுட்டா கியரே வேணாமே."

"அது நான் வாங்கினப்பவே வேலை செய்யலக்கா."

என்னிடம் ஏன் வந்தாள்? தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும் — ஸ்குரூ டிரைவரைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. இஸ்திரிப் பெட்டியை நான் சரிசெய்த கதையை இந்தப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன். மிக்ஸி கதையை எழுதவில்லை. எழுதவும் மாட்டேன்.

சரி, கழற்றியாயிற்று. மாடிக்கு எடுத்து வந்து மூடியைத் திறந்தேன். உள்ளே என்ன இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

சந்தனம்.

காய்ந்து, உதிர்ந்து, அடுக்கடுக்காகப் படிந்து கெட்டியாகிப்போன சந்தனம். யோசித்துப் பார்த்தால் ஆச்சரியமே இல்லை. புது மொட்டையில் சந்தனம் பூசியவுடன் எந்தப் பிள்ளையாவது கையைச் சும்மா வைத்திருக்குமா? நிமிடத்துக்கு ஒரு தரம் தலையைத் தடவிப் பார்க்கும். அதே கையால் கியரைப் பிடிக்கும். அந்தச் சந்தனமெல்லாம் கியர்த் தடி நுழையும் ஓட்டை வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது. கூடவே குங்குமம், விபூதி, ஒரு கற்கண்டு, பஞ்சாமிர்தத்தில் ஒட்டிக்கொண்டு வந்த பேரீச்சங்கொட்டை. இத்தனைக்கும் நடுவே ஒரு கியர் எங்கே போய் விழும்? பாவம், அதுவும் எத்தனை நாள்தான் தாங்கும்?

எட்டிப் பார்த்த சுகுணா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "முருகா... இத எப்படிக்கா குப்பையில கொட்டறது?"

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"இன்னாமா அது? எந்த வண்டிது?"

பாவா.

இங்கே நான் பாவாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அரசு பஸ் டிரைவராக இருந்து ரிடையர் ஆனவர். பெரும்பாலும் திருப்பதி ரூட். மனுஷன் வீட்டில் இருந்தால் தெருவுக்கே கேட்கும் — அப்படி ஒரு பேச்சு, அப்படி ஒரு சிரிப்பு. பங்குனியில் லேசாக ஒரு ஸ்ட்ரோக் வந்தது. இடது பக்கம். கால் திரும்பி வந்துவிட்டது. நாக்கும் திரும்பி வந்துவிட்டது. இடது கை மட்டும் பாதி வழியில் நின்றுவிட்டது.

வேலை கொடுத்தால் கை வரும், அப்படியே விட்டால் விட்டதுதான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பிசியோதெரபி பார்க்க வருகிறவர் ஒரு மஞ்சள் பஞ்சுப் பந்தைக் கொடுத்து, தினமும் அமுக்கச் சொன்னார். பந்து ஃபிரிட்ஜுக்கு அடியில் கிடக்கிறது. பாவா கீழே இறங்குவதே இல்லை. டீக்கடைக்குப் போனால் "கை எப்படி கீது?" என்று கேட்பார்களாம். யாராவது வீட்டுக்கு வந்தால் தோளில் இருக்கும் துண்டை எடுத்துக் கையின் மேல் போட்டு மூடிக்கொள்வார்.

"யாரோ குடுத்து வெச்சிட்டுப் போன பொருளு மாதிரி அந்தக் கைய மடியில வெச்சிகினு உக்காந்துகினே கீறாருடி" என்று அக்கா என்னிடம் சொல்லி அழுதிருக்கிறாள். அந்தக் கை போய்விடுமோ என்பதைவிட, கையோடு சேர்த்து அந்த மனுஷனும் போய்விடுவாரோ என்பதுதான் அவளுடைய பயம். எனக்கும்.

அப்பேர்ப்பட்ட பாவா நாற்காலியை விட்டு எழுந்து வந்து மேஜையருகே நிற்கிறார்.

"கேம் மெஷின் கியர், பாவா."

குனிந்து உள்ளே பார்த்தார். "பல்லு எங்க?"

"பல் எல்லாம் இதில் கிடையாது. அடியில் நாலு குட்டி சுவிட்ச். தடி எந்தப் பள்ளத்தில் போய் விழுதோ அந்த சுவிட்ச் அமுங்கும். அவ்வளவுதான்."

வலது கை விரலால் ஒரு சுவிட்சை அமுக்கிப் பார்த்தார்.

"அப்ப இது கியரு இல்லமா. காலிங் பெல்லு."

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. பங்குனிக்கு அப்புறம் அந்த வீட்டில் பாவா அடித்த முதல் ஜோக் அது.

அடுத்த நிமிடம் அக்கா என்னை அடுப்பங்கரைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"ஏண்டி, இத சீக்கிரம் முடிச்சிடாத."

"சுகுணா கிருத்திகைக்கு வேணும்னு உசுர எடுக்கறாக்கா."

"அவ கெடக்கறா. நீ மெதுவா பண்ணு. நீ கை வெச்சா எப்படியும் லேட்டுதானே ஆவும்?"

கூடப் பிறந்தவள் என்றால் இப்படித்தான். ஆக, எனக்கு இரண்டு எஜமானிகள். சீக்கிரம் முடி என்று ஒருத்தி கீழே. முடிக்காதே என்று இன்னொருத்தி மேலே. அரசாங்க ஆபீசில் வேலை பார்க்கிறவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

பழைய டூத் பிரஷ்ஷால் சந்தனத்தைச் சுரண்ட ஆரம்பித்தோம். "ஆரம்பித்தோம்" என்றுதான் சொல்ல வேண்டும். ஏனென்றால் பிரஷ் பாவா கையில். அது வலது கை. நான் செய்தது தப்பு, நான் ஊதியது தப்பு, நான் ஸ்குரூக்களைச் சிதறவிட்டு வைத்தது பெரிய தப்பு. எல்லாவற்றுக்கும் திட்டு வாங்கினேன். சந்தோஷமாக வாங்கினேன். சுரண்டிய சந்தனத்தை சுகுணா தாளில் மடித்துக்கொண்டு போய்த் துளசித் தொட்டியில் கொட்டினாள். சுத்தமானதும் தடி டக், டக் என்று ஒவ்வொரு பள்ளத்திலும் விழுந்தது.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது பாவாவுக்கு ஒரு சந்தேகம்.

"இது வண்டியில எந்தப் பக்கம் இருந்திச்சி?"

"வலது பக்கம்."

"சோத்தாங்கை பக்கமா? கியரா?"

"வெளிநாட்டு மெஷின் பாவா. அவங்களுக்கு வலது கையில்தான் கியர்."

"நம்ம ஊர்ல எவன் அப்படி ஓட்றான்? புள்ளைங்க இதுல ஓட்டிப் பழகிட்டு, நாளைக்கு லைசென்ஸ் எடுக்கறப்ப இன்னா பண்ணும்? எடது பக்கம் மாத்துமா."

பிள்ளைகளின் லைசென்ஸ் மேல் அவருக்கு அவ்வளவு அக்கறையா என்ன? எனக்குப் புரிந்துவிட்டது. அக்காவுக்கும் புரிந்துவிட்டது. இத்தனை வருஷம் கியர் பிடித்த கை, இடது கை. அது இன்னொரு தரம் பிடித்துப் பார்க்க ஆசைப்படுகிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்? மாற்றிவிடலாம் பாவா என்றேன்.

பாவா படி இறங்கினார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக. அக்கா பின்னாலேயே, பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு வந்தாள்.

மெஷினின் இடது பக்கம் ஒரு ஸ்டூலைப் போட்டு, அதன் மேல் கியர் பெட்டியை வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். ஒயர் எட்டவில்லை. பெட்டியை முன்பின்னாகத் திருப்பி வைத்தால் சரியாக எட்டியது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். பாவா செருப்பைக் கழற்றிவிட்டு சீட்டில் உட்கார்ந்தார். சுகுணா டோக்கனைப் போட்டாள். பாவா இடது கையைத் தூக்கி — கொஞ்சம் வலது கையும் உதவி செய்தது — கியர்த் தடியின் தலையில் வைத்தார். முதல் கியர்.

கார் நகரவில்லை. சேற்றில் படுத்த எருமை மாதிரி முனகியது.

ஏன்? பெட்டியைத் திருப்பி வைத்தேன் இல்லையா... முதல் கியர் இருந்த இடத்தில் இப்போது நாலாவது கியர். நாலாவதில் வண்டி எடுத்தால் எந்த வண்டி கிளம்பும்? "இந்தப் புள்ளைக்கு யாருமா லைசென்ஸ் குடுத்தது?" என்று பாவா என்னைக் காட்டிக் கேட்க, எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். பழைய சிரிப்பு. தெருவுக்குக் கேட்டிருக்கும்.

சிரித்துக்கொண்டே தடியைப் பின்னால் இழுக்கப் பார்த்தார்.

வரவில்லை.

உள்ளே இருந்த ஸ்பிரிங் இறுக்கமானது. தடி கொஞ்சம் அசைந்தது. விரல்கள் நழுவின. மறுபடி பிடித்தார். மறுபடி நழுவின. நாங்கள் மூன்று பெண்கள், சிரிப்பை நிறுத்திவிட்டு, அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றோம். பார்த்திருக்கக் கூடாது. திரையில் மற்ற கார்கள் எல்லாம் அவரைத் தாண்டிப் போயின.

பாவா துண்டை எடுத்துக் கையின் மேல் போட்டுக்கொண்டார்.

"பழைய எடத்துலயே மாட்டிடுமா. புள்ளைங்க எந்தக் கையில ஓட்டினா இன்னா."

மாடிக்குப் போய்விட்டார். அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அவர் பின்னாலேயே ஏறினாள். திட்டியிருந்தால் தேவலாம். அந்த ஸ்டூலை எட்டி உதைக்கலாம் போலிருந்தது எனக்கு. முடியவில்லை என்று அவருக்குத் தெரியும். அதை நாலு பேர் முன்னால் வேறு காட்டிக்கொடுத்தாயிற்று. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கியரைப் பழையபடி வலது பக்கம் மாட்ட உட்கார்ந்தேன். மனசு சரியில்லாதபோது ஸ்பிரிங் பக்கம் போகக் கூடாது. கை நழுவியதில் அது துள்ளி, ஷட்டரைத் தாண்டி, ரோட்டில் விழுந்தது. எடுக்க ஓடுவதற்குள் திருப்பதி பஸ் ஒன்று அதன் மேல் ஏறிப் போனது. பாவா வேலை பார்த்த டிப்போ வண்டியாகத்தான் இருக்கும்.

மறுநாள் பொதட்டூர்பேட்டைக்கு பஸ் ஏறினேன். நெசவு ஊர். தறி சாமான் விற்கும் கடைகளில் விதவிதமாக ஸ்பிரிங் தொங்கும்.

"எந்தத் தறிக்குமா?" என்றார் கடைக்காரர்.

"தறிக்கு இல்லைங்க. கார் கேமுக்கு."

மனிதர் அசரவே இல்லை. ஒரு டப்பாவை என் முன்னால் கவிழ்த்தார். எங்கள் பக்கத்தில் எதற்கு வேண்டுமானாலும் தறி ஸ்பிரிங் வாங்கிப் போவார்கள் போலிருக்கிறது. அளவுக்கு ஏற்றவை நாலைந்து இருந்தன. ஒவ்வொன்றையும் என் இடது கையால் அமுக்கிப் பார்த்தேன். ஏன் இடது கை? பாவாதான் கீழேயே வரப்போவதில்லையே? தெரியவில்லை. இருப்பதிலேயே இளசாக இருந்ததை எடுத்தேன்.

"இது ரொம்ப எளசுமா. நிக்காது."

"பரவால்லைங்க, குடுங்க."

மாட்டினேன். சுகுணா தடியை ஆட்டிப் பார்த்து முகம் சுளித்தாள். "இன்னாக்கா, வாழைப்பழம் மாதிரி கீது?" ஆனால் டக்கென்று விழுந்தது. அவளுக்கு அது போதும்.

கிருத்திகை வந்தது. தெரு முழுக்கப் புஷ்பக் காவடி, அரோகரா. மஞ்சள் வேட்டி, மஞ்சள் புடவை, பம்பைச் சத்தம். கடையில் நிற்க இடமில்லை. சுகுணாவுக்குக் கை ஒத்தாசைக்கு நான் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

காவடி பார்க்கலாம் வாங்க என்று சொல்லி அக்கா எப்படியோ பாவாவைக் கீழே அழைத்து வந்துவிட்டாள். உட்கார வைக்க ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டோம். காலியாக இருந்தது ஒரே இடம்தான் — கார் மெஷினுக்கு வலது பக்கம், சுவரோரம். துண்டைக் கையின் மேல் போட்டுக்கொண்டு தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

நகரி பக்கத்திலிருந்து வந்த குடும்பம் ஒன்று. மொட்டைத் தலையில் ஈரச் சந்தனத்தோடு ஒரு சின்னப் பெண் காரில் ஏறினாள். கால் எட்டுவதற்காக சீட்டின் நுனிக்கு வந்து உட்கார்ந்திருந்தாள். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். விட்டால் பறந்துவிடுமோ என்கிற பிடி. கார் கிளம்பியது. முதல் கியரிலேயே போனது. முதல் கியரிலேயே இன்னும் போனது. இஞ்சின் அலறியது.

எனக்கு அது வெறும் சத்தம். அவள் அம்மாவுக்கும் சத்தம். பாவாவுக்கு?

தலை தெருவிலிருந்து மெல்லத் திரும்பியது.

"கியர மாத்தச் சொல்லுமா."

"சொன்னேன் பாவா. அவளுக்கு ஸ்டியரிங்கை விட பயம்."

அலறல் நிற்கவில்லை. பாவா நாற்காலியில் நெளிந்தார். பல்லைக் கடித்தார். பக்கத்து வீட்டுக் குழந்தை விடாமல் அழும்போது பெற்றவளுக்கு இருப்புக்கொள்ளாதே, அப்படி.

"இஞ்சினு போயிடும்மா... எம்மாம் நேரம் ஃபர்ஸ்ட்லயே..."

துண்டு கீழே விழுந்தது.

இடது கை தானாக எழுந்து கியர்த் தடியின் மேல் போய் உட்கார்ந்தது. பின்னால் இழுத்தார். செகண்ட். அலறல் அடங்கியது. வண்டி மூச்சு பிடித்து வேகமெடுத்ததும் குறுக்கே தள்ளி மேலே போட்டார். தேர்டு. அந்தப் பெண் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வண்டி என்றால் கியர் தானாக விழும் என்று நினைத்தாளோ என்னவோ, அவள் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டிருந்தாள். அக்கா வாசலில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் காசு வாங்க மறந்து டோக்கன்களைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

நாலாவது கியர் போட்டபோதுதான் பாவா தன் கையைப் பார்த்தார். நன்றாகப் பார்ப்பதற்குள் திரையில் வளைவு வந்துவிட்டது.

"ஆகம்மா, ஆகம்மா" — இரும்மா, இரும்மா — என்று தெலுங்கில் சொல்லிக்கொண்டே தேர்டுக்கு மாற்றினார்.

யோசித்துப் பாருங்கள். ஓட்டுகிறவருக்கு வலது பக்கம் இருக்கிற கியர், அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு இடது கையில். ஸ்டூல் என்ன, கயிறு என்ன, ஒயரை இழுத்தது என்ன... கியரை மாற்றப் பார்த்தோமே ஒழிய, ஆளை மாற்றி உட்கார வைக்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. 

அன்று முழுக்க பாவா அந்த நாற்காலியை விட்டு எழவில்லை. ஸ்டியரிங் பிள்ளைகளுக்கு, கியர் இவருக்கு. "பிரேக் புடி நைனா", "ஒதுங்கி வா கண்ணு, பெரிய வண்டி வருது" என்று ஒரே அதட்டல். தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழில், தெலுங்குப் பிள்ளைக்குத் தெலுங்கில். ஒரே ஒரு குறை. மனுஷர் ரேஸ் காரையும் பஸ்ஸாகத்தான் ஓட்டுகிறார். எல்லா வளைவிலும் செகண்டுக்கு வந்துவிடுவார். ஓவர்டேக் செய்ய விடமாட்டார். அவர் கியர் போட்ட எந்தப் பிள்ளையும் இதுவரை கடைசியைத் தவிர வேறு இடத்தில் வந்ததில்லை.

பிள்ளைகள் கவலைப்படவில்லை. சுகுணா அதைவிடக் கவலைப்படவில்லை. "டைம் சீக்கிரம் முடிஞ்சிடுதுக்கா. க்யூ நல்லா நவுருது."

கிருத்திகை முடிந்தும் சாயங்காலமானால் இஸ்திரி போட்ட சட்டையில் கீழே இறங்கிவிடுகிறார். துண்டு மாடியிலேயே கிடக்கிறது. பிசியோதெரபிக்காரர் வந்தார். பந்து அமுக்குறீங்களா சார் என்று கேட்டார்.

"எங்க சார். டூட்டியில டைமே கெடைக்கல."

என் விரலைப் பிடிங்க பார்ப்போம் என்றவர், கொஞ்ச நேரத்தில் விரலை உருவிக்கொண்டு உதறினார். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சட்டைப் பட்டனை இன்னமும் அக்காதான் போட்டுவிடுகிறாள். ஆனால் கை வருகிறது. உங்களுக்காக அமுக்குங்க, உங்களுக்காக அமுக்குங்க என்று எத்தனை பேர் சொல்லியிருப்போம்? தனக்காக வராத கை, ஊர் பேர் தெரியாத ஒரு மொட்டைக்காக வந்தது. மனிதர்களே இப்படித்தான் போலிருக்கிறது.

சுகுணா நேற்று சொன்னாள்: ஆடி முடிந்துவிட்டதால் மெட்ராஸ் மெக்கானிக் வருகிறாராம், அந்த ஆட்டோமேட்டிக் பட்டனைச் சரிசெய்ய. பட்டன் வேலை செய்தால் அப்புறம் கியருக்கு ஏது வேலை? அக்கா முகம் வாடிவிட்டது. எதுக்கு சுகுணா வீண் செலவு என்று அவளை எப்படியோ தடுத்துவிட்டேன்.

கியரைத் திரும்ப மாட்டும்போதே பார்த்துவிட்டேன். அந்தப் பட்டனுக்குப் போகிற ஒயர் ஒன்று கழன்று தொங்குகிறது, அவ்வளவுதான்; சொருகினால் வேலை முடிந்தது — நல்லவேளை, சுகுணா இந்தப் பத்தியைப் படிப்பதில்லை.